ஜேன் ஆடம்ஸ்

ஜேன் ஆடம்ஸ் (செப்டம்பர் 6, 1860 – மே 21, 1935) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சமூக சீர்திருத்தவாதியும் எழுத்தாளரும் அமைதி இயக்கத் தலைவரும் ஆவார். 1889ஆம் ஆண்டு தன் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் இணைந்து இவர் சிகாகோ நகரில் நிறுவிய ஹல் இல்லம், ஏழைக் குடியேறிகளின் குடும்ப நலனுக்காக அக்கம்பக்கத்து மக்களும் தன்னார்வலர்களும் சங்கங்களும் கூடிச் செயற்பட்ட மையமாக விளங்கியது. அமெரிக்காவில் சமூகப்பணி ஒரு தனித் துறையாக உருவானதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1931ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு நிக்கொலஸ் முரே பட்லருக்கும் இவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. இப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் இவரே.

பிறப்பும் இளமையும்

ஜேன் ஆடம்ஸ் இலினொய் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள சீடர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜான் ஆடம்ஸ் மாவு ஆலை உரிமையாளர். மாநில மேலவையில் 16 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர். ஆபிரகாம் லிங்கனின் நண்பர். ஜேனுக்கு இரண்டு வயதானபோது தாய் சாரா காலமானார். நான்காவது வயதில் ஏற்பட்ட முதுகெலும்புக் காசநோயால் அவரது முதுகு வளைந்தது. அந்த வலி வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

ராக்ஃபோர்ட் பெண்கள் கல்லூரியில் பயின்று 1881ஆம் ஆண்டு படிப்பை முடித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் தந்தை இறந்தார். பின் மருத்துவராகும் எண்ணத்துடன் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலக் குறைவால் சில மாதங்களிலேயே விலக நேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகள் இலக்கின்றிக் கழிந்தன. படித்த பெண்ணுக்குத் திருமணமோ ஆசிரியப் பணியோ தவிர வேறு வழி அரிதாக இருந்த காலம் அது. பரம்பரைச் சொத்து இருந்தது, படிப்பு இருந்தது. செய்வதற்கு வேலை இல்லை. இரு முறை ஐரோப்பாவில் நெடும்பயணம் மேற்கொண்டார்.

இரண்டாம் பயணத்தின்போது, 1888ஆம் ஆண்டு, இலண்டனின் வைட்சாப்பல் பகுதியில் இருந்த டாயின்பீ மண்டபத்தைக் கண்டார். சாமுவேல் பார்னெட், ஹென்றியெட்டா பார்னெட் இணையர் 1884இல் தொடங்கிய நிறுவனம் இது. பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர்கள் ஏழைகளின் தெருவிலேயே குடியேறி, அவர்களுக்கு அண்டை வீட்டாராக வாழ்ந்து பணியாற்றுவது இதன் முறை. வெளியிலிருந்து வந்து உதவி அளித்துவிட்டுத் திரும்பிச் செல்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஆடம்ஸைக் கவர்ந்தது.

ஹல் இல்லத்தின் தொடக்கம்

1889 செப்டம்பர் 18 அன்று ஆடம்ஸும் ஸ்டாரும் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் இருந்த ஒரு பழைய மாளிகையில் குடியேறினர். 1856இல் சார்லஸ் ஹல் என்னும் செல்வந்தர் கட்டிய வீடு அது. அப்போது அதன் ஒரு பக்கம் சவ அடக்கம் செய்பவரின் கடை, மறு பக்கம் மதுக்கடை. இத்தாலியர், கிரேக்கர், ஜெர்மானியர், பொஹீமியர், ஐரிஷ் மக்கள், போலந்து மற்றும் ரஷ்ய யூதர்கள் எனப் பல நாட்டுக் குடியேறிகள் சுற்றுப்புறத் தெருக்களில் நெருங்கி வாழ்ந்தனர். சிகாகோ நகராட்சியின் 19ஆம் வட்டத்தில் அடங்கிய பகுதி இது. வீட்டின் உரிமையைப் பெற்றிருந்த ஹெலன் கல்வர், பின்னர் அதனை வாடகையின்றியே அளித்தார்.

தொடக்கத்தில் இவ்விருவரும் செய்ய நினைத்தது நாவல் வாசிப்பு, ஓவியக் காட்சி, கலை பற்றிய உரை போன்றவையே. ஆனால் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த தேவைகள் வேறாக இருந்தன. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இறந்தவரைக் குளிப்பாட்ட வேண்டும். நோயாளிக்குத் துணை இருக்க வேண்டும். மணமாகாத ஓர் இளம்பெண்ணுக்குப் பேறுகாலம் வந்தபோது அண்டை வீட்டுப் பெண்கள் உள்ளே வர மறுத்ததால், ஆடம்ஸும் ஜூலியா லாத்ரப்பும் சென்று பிரசவம் பார்த்தனர். மருத்துவச்சி வேலையையுமா நாம் செய்வது என்ற ஐயம் திரும்பும் வழியில் ஆடம்ஸுக்கு எழுந்தது. கூப்பிட்டால் போகத்தான் வேண்டும் என்பது லாத்ரப்பின் நிலைப்பாடு. இல்லத்தின் வழக்கமும் அவ்வாறே அமைந்தது.

முதல் வாரங்களிலேயே மழலையர் பள்ளி தொடங்கியது. குழந்தைகள் காப்பகம் ஏற்பட்டதற்கு உடனடிக் காரணம் இருந்தது. அப்பகுதியின் கொளுத்தும் முதல் கோடையில் உடல் ஊனமுற்ற மூன்று குழந்தைகளை இல்லத்தார் கண்டனர். ஒரு குழந்தை மூன்றாம் மாடிச் சாளரத்திலிருந்து விழுந்தது. இன்னொன்று தீக்காயம் பட்டது. மூன்றாவது குழந்தையின் முதுகெலும்பு வளைந்திருந்தது. தாய் வேலைக்குச் செல்லும்போது மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் அதனைச் சமையலறை மேசையின் காலில் கட்டிவைத்துச் சென்றிருந்தாள். முதுகு வளைந்த குழந்தையாக வளர்ந்த ஆடம்ஸ் இதனை எளிதில் மறந்திருக்க இயலாது. இத்தாய்மார்கள் கொடியவர்கள் அல்லர். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய உணவு இல்லை என்ற நிலையில் இருந்தவர்கள்.

தோல்விகளும் பாடங்களும்

ஹல் இல்லத்தின் எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை. சத்தான உணவை மலிவாக அளிப்பதற்கென அறிவியல் முறையில் அமைத்த பொதுச் சமையற்கூடம் ஓர் எடுத்துக்காட்டு. அதில் சமைக்கப்பட்டது நியூ இங்கிலாந்துப் பகுதியின் உணவு. இத்தாலியருக்கும் யூதருக்கும் அந்தச் சுவை பிடிக்கவில்லை. வாங்க வந்தோர் சிலரே. அங்கேயே திறந்த காப்பிக் கடையில் மக்கள் கூடினர். உண்பவரைக் கேட்காமல் உணவை முடிவு செய்தது பிழை என்பதை ஆடம்ஸ் ஒப்புக்கொண்டு எழுதினார்.

இதைவிடக் கொடிய பாடம் ஒன்றை 1893இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியின் குளிர்காலம் தந்தது. அலுவலக எழுத்தராக இருந்து வேலை இழந்த ஒருவர் உதவி கேட்டு இல்லத்துக்கு வந்தார். வேலை கிடைக்கும் வாய்ப்பு இருந்தால் அதனை முதலில் முயல வேண்டும் என்பது அக்கால அறநிறுவனங்களின் விதி. அதன்படி, வடிகால் கால்வாய் வெட்டும் பணிக்குச் செல்லுமாறு ஆடம்ஸ் கூறினார். தான் எப்போதும் கூரையின் கீழ் வேலை செய்தவன், குளிரில் திறந்தவெளி வேலையைத் தன் உடல் தாங்காது என்று அவர் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர் உதவி கேட்டு வரவில்லை. இரண்டு நாட்கள் கால்வாய் வெட்டினார். நிமோனியா கண்டு ஒரு வாரத்தில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற இரு குழந்தைகளின் நலனை ஆடம்ஸ் பல ஆண்டுகள் கவனித்து வந்தார். விதியைக் கொண்டு ஒரு மனிதனின் துன்பத்தை அளக்க முடியாது, அவன் வாழ்வையும் பழக்கங்களையும் முழுமையாக அறிந்திருக்க வேண்டும் என்பதை அக்குழந்தைகளைக் காணும்போதெல்லாம் உணர்ந்ததாக அவர் பதிவு செய்துள்ளார். 1910இல் வெளிவந்த தன்வரலாற்று நூலான ஹல் இல்லத்தில் இருபது ஆண்டுகள் என்பதில் இந்நிகழ்ச்சியை அவர் மறைக்காமல் எழுதினார்.

இவ்வனுபவங்களின் தாக்கத்தை 1902இல் வெளியான மக்களாட்சியும் சமூக அறமும் என்ற நூலில் காணலாம். ஏழைகளின் தெருவில் ஒரு வீட்டில் துன்பம் வந்தால் முதலில் உதவுவது அடுத்த வீட்டாரே என்பது இந்நூலில் அவர் முன்வைக்கும் கருத்து. தன்னிடம் உள்ள சிறிதளவையும் பகிர்ந்துகொள்ளும் அவர்களுக்கு, விசாரித்து, எழுதிக்கொண்டு, தகுதி பார்த்து உதவும் அறநிறுவனத்தாரின் நிதானம் கல்நெஞ்சமாகவே தோன்றும். ஆகவே அக்கம்பக்கத்தாரிடையே முன்பே இருக்கும் உறவுகளின் மீதுதான் எந்த உதவி அமைப்பையும் கட்ட வேண்டும் என்று அவர் வாதிட்டார்.

குழுக்களின் வளர்ச்சி

இரண்டாம் ஆண்டிலேயே வாரந்தோறும் ஏறத்தாழ 2000 பேர் ஹல் இல்லத்துக்கு வந்து சென்றனர். 1907ஆம் ஆண்டளவில் அது 13 கட்டடங்கள் கொண்ட வளாகமாக விரிந்தது. காலையில் மழலையர் பள்ளி, பிற்பகலில் சிறுவர் குழுக்கள், இரவில் வேலை முடித்து வருவோருக்கான வகுப்புகள் என நாள் முழுவதும் அதன் கதவுகள் திறந்திருந்தன. தொழிற்சங்கங்கள் அங்கே கூடின. வேலைக்குச் செல்லும் இளம்பெண்கள் கூட்டுறவு முறையில் தாங்களே நடத்திய ஜேன் மன்றம் என்ற விடுதியும் இருந்தது. வேலைநிறுத்தக் காலத்தில் வாடகை கொடுக்க முடியாமல் போகும் என்ற அச்சமே பெண்களை முதலில் பணியச் செய்தது. அதனைப் போக்குவதே விடுதியின் நோக்கம். பிற்காலத்தில் புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர் பென்னி குட்மன் சிறுவனாக இருந்தபோது இங்கே இசை பயின்றார்.

ஒருமுறை இத்தாலிய மூதாட்டி ஒருவர் வாசற்படியில் வெயிலில் அமர்ந்து தக்கிளியால் நூல் நூற்பதை ஆடம்ஸ் கண்டார். அமெரிக்கப் பள்ளியில் ஆங்கிலம் கற்ற பிள்ளைகள், தம் பெற்றோரைப் பழங்காலத்து மனிதர் என்று கருதி வெட்கப்பட்டு விலகும் போக்கு அப்போது பரவியிருந்தது. 1900இல் அவர் தொழில் அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கி, அதில் குடியேறிப் பெண்களையே நூற்கவும் நெய்யவும் கற்பிப்போராக அமர்த்தினார். முன்பு தாயுடன் சேர்ந்து வராமல் வேறு வாயிலால் நுழைந்த ஒரு சிறுமி, தன் தாயின் கைத்திறனைப் பிறர் வியப்பதைக் கண்ட பிறகு அவளுடன் சேர்ந்து வரத் தொடங்கினாள். குடும்ப நலன் என்பதற்குச் சோறும் மருந்தும் மட்டும் பொருள் அல்ல என்பதை இச்சிறு நிகழ்ச்சி நன்கு காட்டுகிறது.

குப்பையும் வரைபடமும்

19ஆம் வட்டத்தின் சந்துகளில் குப்பை பெருகிக் கிடந்தது. குழந்தை இறப்பும் மிகுதி. ஹல் இல்லப் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த 12 பெண்கள், பகலெல்லாம் வீட்டு வேலை செய்தபின், வெப்பம் மிகுந்த மாலைகளில் சந்து சந்தாகச் சென்று ஆய்வு செய்தனர். ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் 1037 விதிமீறல்கள் சுகாதாரத் துறைக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டன. பலன் சிறிதே. 1895இல் ஆடம்ஸ் தானே குப்பை அகற்றும் ஒப்பந்தத்துக்கு விண்ணப்பித்தார். அது தள்ளுபடி செய்யப்பட்டது. ஆனால் செய்தி பரவியதால் நகரத் தலைவர் அவரை வட்டத்தின் குப்பை ஆய்வாளராக, ஆண்டுக்கு 1000 டாலர் சம்பளத்தில் நியமித்தார். அதிகாலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளின் பின்னே அவர் சென்றார். ஒரு குறுகிய தெருவில் 18 அங்குலக் குப்பைக்குக் கீழே கல் பாவிய சாலை இருந்தது வெளிப்பட்டது. அங்கே சாலை உண்டு என்பதே அத்தெருவில் வாழ்ந்தோருக்குத் தெரியாது. இறப்பு விகிதத்தில் நகரின் மூன்றாம் இடத்தில் இருந்த வட்டம் ஏழாம் இடத்துக்கு இறங்கியபோது, அச்செய்தி பெண்கள் சங்கக் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. உறுப்பினர்கள் கைதட்டி வரவேற்றனர்.

அதே 1895ஆம் ஆண்டு ஹல் இல்லத்தார் தம் சுற்றுப்புறத்தைப் பற்றிய வரைபடங்களும் கட்டுரைகளும் அடங்கிய நூலை வெளியிட்டனர். இதற்கான தரவுகளைத் திரட்டியதில் பிளாரன்ஸ் கெல்லியின் பங்கு முதன்மையானது. வீடு வீடாகச் சென்று, குடும்பங்களின் பூர்வீக நாட்டையும் வார வருமானத்தையும் கேட்டறிந்து, வண்ணங்களால் வரைபடத்தில் குறித்தனர். இலண்டனில் சார்லஸ் பூத் செய்த ஆய்வு இதற்கு முன்மாதிரி. கணினியும் தரவுத்தளமும் இல்லாத காலத்தில், ஒவ்வொரு வீட்டையும் அலகாகக் கொண்டு செய்யப்பட்ட இத்தொகுப்பு இன்றும் ஆய்வாளர்களால் பயன்படுத்தப்படுகிறது.

வட்டத்தின் நகரமன்ற உறுப்பினர் ஜானி பவர்ஸை எதிர்த்து ஹல் இல்லம் தேர்தல்களில் வேறு வேட்பாளர்களை ஆதரித்துத் தோல்வி கண்டது. பவர்ஸ் ஊழலுக்குப் பெயர்பெற்றவர். எனினும், மக்கள் ஏன் அவருக்கே வாக்களிக்கின்றனர் என்பதை ஆடம்ஸ் 1898இல் எழுதிய கட்டுரையில் நேர்மையாக ஆராய்ந்தார். வேலை வாங்கித் தருபவர், பிணை எடுப்பவர், இறப்பு வீட்டுக்குச் செலவு செய்பவர், கிறிஸ்துமஸ் நாளில் வான்கோழி வழங்குபவர் அவரே. தமிழ் வாசகர்களுக்கு இத்தகைய அரசியல்வாதியைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. மக்களுக்குத் தேவைப்பட்ட உதவியை அவர் நேரில், உடனே, கேள்வி கேட்காமல் செய்தார். சீர்திருத்தம் பேசுவோர் அதற்கு ஈடாக எதையும் வைக்கவில்லை என்பதே ஆடம்ஸ் கண்ட காரணம்.

தெருவிலிருந்து சட்டத்துக்கு

ஹல் இல்லத்தின் முதல் கிறிஸ்துமஸ் விழாவில் மிட்டாய் கொடுத்தபோது சில சிறுமிகள் வாங்க மறுத்தனர். மிட்டாய்த் தொழிற்சாலையில் ஆறு வாரங்களாகக் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை வேலை செய்ததால், அதனைப் பார்க்கவே அவர்களால் இயலவில்லை என்பது பின்பு தெரிந்தது. கெல்லியின் ஆய்வும் இல்லத்தாரின் பரப்புரையும் சேர்ந்து 1893இல் இலினொய் தொழிற்சாலைச் சட்டம் வரக் காரணமாயின. 14 வயதுக்கு உட்பட்டோரைத் தொழிற்சாலையில் அமர்த்துவதை அது தடுத்தது. பெண்களின் வேலை நேரத்தை எட்டு மணியாக வரையறுத்தது. கெல்லி மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் ஆனார். எட்டு மணி நேர விதியை மாநில உச்சநீதிமன்றம் 1895இல் செல்லாது என்று அறிவித்தது. பிள்ளைகளின் கூலியை நம்பி இருந்த அண்டை வீட்டார் சிலரும் சட்டத்தை வெறுத்தனர். இதனை ஆடம்ஸ் அறிந்தே இருந்தார்.

குற்றம் செய்த சிறுவர்களும் பெரியவர்களுடன் அடைக்கப்பட்ட நிலையை மாற்றி, 1899இல் சிகாகோவில் அமைந்த சிறார் நீதிமன்றம் அமெரிக்காவில் முதலாவது ஆகும். சட்டம் நன்னடத்தை அலுவலர்களை அனுமதித்தது. ஆனால் சம்பளத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை. லாத்ரப், லூயிஸ் போவன் முதலியோர் இருந்த ஒரு குழு நன்கொடை திரட்டிச் சம்பளம் அளித்தது. முதல் நன்னடத்தை அலுவலரான அல்சினா ஸ்டீவன்ஸ் ஹல் இல்லத்தில் வாழ்ந்தவர். 1907இல் நீதிமன்றத்துக்கு ஹல் இல்லத்தின் எதிரிலேயே கட்டடம் எழுந்தது; சம்பளத்தை அரசு ஏற்றது. அக்குழு சிறார் பாதுகாப்புச் சங்கமாக மாறி, குழந்தைகளைத் தவறான வழிக்கு இழுக்கும் சூழல்களைக் கண்டறியும் பணியைத் தொடர்ந்தது.

வறுமை என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 1909இல் வெள்ளை மாளிகையில் கூடிய மாநாடு முடிவு செய்தது. ஆடம்ஸும் இதில் பங்கேற்றார். 1911இல் இலினொய் மாநிலம், வறிய தாய்மாருக்குப் பொதுநிதியிலிருந்து உதவித்தொகை வழங்கும் சட்டத்தை இயற்றியது. 1912இல் ஏற்பட்ட நடுவண் அரசின் குழந்தைகள் பணியகத்துக்கு லாத்ரப் முதல் தலைவரானார். அவருக்குப் பின் வந்த கிரேஸ் ஆபட்டும் ஹல் இல்லத்தில் வாழ்ந்தவரே. மேசைக் காலில் கட்டப்பட்ட குழந்தையைக் கண்ட இடத்திலிருந்து நாட்டின் சட்டம் வரை செல்ல ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின.

விமர்சனங்கள்

ஹல் இல்லத்தின் பணி பெரும்பாலும் ஐரோப்பியக் குடியேறிகளையே சார்ந்திருந்தது. கறுப்பின மக்களைக் கும்பலாகக் கொல்லும் கொடுமையைக் கண்டித்து 1901இல் ஆடம்ஸ் எழுதிய கட்டுரை, கொல்லப்பட்டோர் குற்றவாளிகள் என்ற எண்ணத்தை ஏற்பதுபோல் அமைந்தது. ஐடா பி. வெல்ஸ் அதனைச் சான்றுகளுடன் மறுத்தார். எனினும் சிகாகோ பள்ளிகளில் இனப்பிரிவினையைக் கொண்டுவரும் முயற்சியை இருவரும் சேர்ந்து எதிர்த்தனர். 1909இல் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் உருவானபோது ஆடம்ஸ் அதன் தொடக்க ஆதரவாளர்களுள் ஒருவர். ஆயினும் 1912இல், தென்மாநிலக் கறுப்பினப் பிரதிநிதிகளை ஏற்க மறுத்த முற்போக்குக் கட்சி மாநாட்டில், தியோடர் ரூஸ்வெல்ட்டின் பெயரை அவர் வழிமொழிந்தார். இம்முடிவு அவருடைய பிற செயல்களோடு பொருந்தவில்லை.

அமைதிப் பணி

முதல் உலகப் போரின்போது, 1915 ஏப்ரலில் ஹேக் நகரில் கூடிய பெண்கள் மாநாட்டுக்கு ஆடம்ஸ் தலைமை தாங்கினார். பின்னர் போரிடும் நாடுகளின் தலைவர்களை நேரில் கண்டு பேசினார். நாடு திரும்பி நியூயார்க்கில் ஆற்றிய உரையில், துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தும் தாக்குதலுக்கு முன் வீரர்களுக்குப் போதை தரும் பானம் கொடுக்கப்படுவதாகக் கேட்டதைக் குறிப்பிட்டார். பத்திரிகைகள் வெகுண்டன. வீரர்களை இழிவுபடுத்தியவர் என்ற பழி ஏற்பட்டது. அதுவரை நாட்டின் மிகவும் மதிக்கப்பட்ட பெண்மணியாக இருந்தவர், ஆபத்தானவர் என்று பேசப்பட்டார். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கிய பின்னும் அவர் கொள்கையை மாற்றவில்லை. 1919இல் அமைதிக்கும் விடுதலைக்குமான பெண்களின் அனைத்துலகக் கழகத்தின் தலைவரானார். 1920இல் அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியத்தை நிறுவியோருள் ஒருவர்.

1931இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் நோயுற்றிருந்தார். விழாவுக்குச் செல்ல இயலவில்லை. தன் பங்குப் பரிசுப் பணத்தை மேற்கூறிய பெண்கள் கழகத்துக்கு அளித்தார்.

மறைவும் பின்னரும்

ஜேன் ஆடம்ஸ் 1935 மே 21 அன்று சிகாகோவில் புற்றுநோயால் காலமானார். ஹல் இல்லத்தில் வைக்கப்பட்ட உடலுக்கு ஆயிரக்கணக்கான அண்டை வீட்டார் அஞ்சலி செலுத்தினர். பின்னர் சொந்த ஊரான சீடர்வில்லில் அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், ஆதரவற்ற குழந்தைகளுக்கான உதவிப் பகுதியைக் குழந்தைகள் பணியகத்தைச் சார்ந்தவர்களே வரைந்தனர்.

1960களில் இலினொய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்துக்காக அப்பகுதி கையகப்படுத்தப்பட்டது. அங்கு வாழ்ந்த பெண்கள் முன்னின்று எதிர்த்தும் பயனில்லை. வீடுகளும் ஹல் இல்லக் கட்டடங்களில் பெரும்பாலானவையும் இடிக்கப்பட்டன. பழைய மாளிகையும் உணவுக்கூடமும் மட்டும் எஞ்சி, 1967 முதல் அருங்காட்சியகமாக உள்ளன. நகரின் வேறு இடங்களில் சேவையைத் தொடர்ந்த ஜேன் ஆடம்ஸ் ஹல் இல்லச் சங்கம், நிதி நெருக்கடியால் 2012 ஜனவரியில் மூடப்பட்டது.